வில்லியம் ஹோல்டன்: அடுத்தவர் விட்டுட்டுப் போன ரோல்ல பேர் வாங்கின ஆளா?

வாசகர் கேள்வி, 8 ஜூன் 2024

பழைய ஹாலிவுட் ஹீரோன்னு பேச்சு வந்தாலே நீங்க வில்லியம் ஹோல்டனை இழுத்துட்டு வர்றீங்க. எனக்கு அவர் வெறும் அதிர்ஷ்டக்காரராத்தான் தெரியறார். சன்செட் பூலவார்ட் படம், மான்ட்கமரி க்ளிஃப்ட்ங்கற நடிகர் விட்டுட்டுப் போன ரோல். வைல்ட் பன்ச் படம், லீ மார்வின் விட்டுட்டுப் போன ரோல். போகார்ட்டுக்கு ஒரு குரல் இருக்கு, கேரி கிராண்டுக்கு ஒரு நடை இருக்கு, ஹோல்டனுக்கு என்ன இருக்கு? மிமிக்ரியே பண்ண முடியாத ஒரு ஆள் எப்படி லெஜண்ட்?

8 ஜூன், இரவு 11.50

மிமிக்ரி பண்ண முடியாதது ஒரு குறைன்னு இன்னிக்குத்தான் கேள்விப்படறேன். தூக்கம் வரல, எழுதறேன்.

நீங்க சொன்ன ரெண்டும் உண்மைதான் தம்பி. க்ளிஃப்ட் ஒத்துக்கிட்டு கடைசி நேரத்துல கழண்டுகிட்டார். மார்வின் வேற ஒரு மியூசிக்கல் படத்துக்குப் பெரிய சம்பளம்னு போயிட்டார். இன்னும் ஒண்ணு நானே எடுத்துக் குடுக்கறேன், முதல் படமும் அதே கதைதான். 1939 கோல்டன் பாய், அதுல கொலம்பியா ஸ்டூடியோ முதலாளி ஹாரி கோன் ஆசைப்பட்டது ஜான் கார்ஃபீல்டை, வார்னர் ஸ்டூடியோக்காரங்க அவரை விடமாட்டேன்னுட்டாங்க, அப்பறம்தான் தேடித்தேடி இந்த 21 வயசுப் பையன் சிக்கினான். பேரு பீடில். வில்லியம் ஃபிராங்க்ளின் பீடில் ஜூனியர். இந்தப் பேரை வெச்சுகிட்டு காதல் காட்சியில நிக்க முடியாதுன்னு ஹோல்டன்னு மாத்தினாங்க. முதல் சில நாள் பையன் சொதப்பின சொதப்புல தூக்கிடலாம்னு முடிவே பண்ணிட்டாங்க. ஹீரோயின் பார்பரா ஸ்டான்விக்தான் நடுவுல வந்து நின்னு, சாயங்காலம் சாயங்காலம் தன் ரூம்ல உக்கார வெச்சு வசனம் சொல்லிக் குடுத்து காப்பாத்தினது. அந்தப் படத்துக்கு ஷூட்டிங் ஆரம்பிச்ச நாளை ஞாபகம் வெச்சு வருஷா வருஷம் அந்தம்மாவுக்குப் பூ அனுப்பிட்டிருந்தார், சாகற வரைக்கும்.

ஆக முதல் நாளே வேலை போக இருந்த ஆளு. அதுக்காக அதிர்ஷ்டக்காரன்னு சொல்லணும்னா சொல்லிக்கோங்க.

9 ஜூன், காலை

ராத்திரி எழுதினதைப் படிச்சா கேள்விக்குப் பதிலே இல்ல. கதை சொல்லிட்டுப் போயிட்டேன். மதியம் வர்றேன்.

9 ஜூன், மதியம் 3.10

சரி. க்ளிஃப்ட் ஏன் விட்டார்னு யோசிங்க. சன்செட் பூலவார்ட் ஹீரோ ஜோ கில்லிஸ் ஒரு ஓடாத கதாசிரியன், கார் தவணை கட்ட வக்கில்லாம, வண்டியத் தூக்க வந்தவங்ககிட்ட இருந்து தப்பிச்சு ஓடறப்ப ஒரு பழைய மௌனப்பட நடிகை வீட்டுக்குள்ள நுழையறான், அப்படியே அங்க தங்கிடறான். அந்தம்மா செலவுல சாப்பிடறான், அந்தம்மா வாங்கிக் குடுத்த சட்டையப் போட்டுக்கறான். நம்ம ஊர்ல இதுக்கு என்ன வார்த்தை சொல்வாங்கன்னு உங்களுக்கே தெரியும். 1950-ல ஒரு அழகான ஹீரோ இந்த வேஷம் போடணும்னா பயப்படத்தான் செய்வான்.

அதுல ஒரு துணிக்கடை சீன். கோட்டு எடுக்கப் போறாங்க. விலை கம்மியான ஒட்டக ரோமக் கோட்டு ஒண்ணு, ரொம்ப விலை கூடின விக்குன்யா கோட்டு ஒண்ணு. இவன் கொஞ்சம் கூச்சத்தோட கம்மி விலையைப் பாக்கறான். கடைக்காரன் காதுகிட்ட குனிஞ்சு, அந்தம்மாதானே காசு குடுக்கறாங்க, நல்லதாவே எடுத்துக்கலாமேங்கற மாதிரி ஒண்ணு சொல்வான். அப்ப ஹோல்டன் முகத்தைப் பாருங்க. கோவம் வருது, வெளியில வரல, அப்பறம் கோவப்பட நமக்கு என்ன யோக்கியதைங்கறது வருது, எல்லாம் ரெண்டு செகண்டுல. கண்ணுல தண்ணி கிடையாது, புருவம் தூக்கறது கிடையாது. இதை மிமிக்ரி பண்ண முடியாதுதான்.

என் கட்சி இதுதான்: விலை போன மனுஷனை இந்த ஆள் அளவுக்கு அந்தக் காலத்துல யாரும் காட்டல. மத்த ஹீரோக்கள் வேண்டாம்னு ஒதுக்கினதே அதனாலதான், இவர் ஜெயிச்சதும் அதனாலதான்.

9 ஜூன், மதியம் 3.25

சன்செட் பூலவார்ட் ஆரம்பத்துல ஹீரோ நீச்சல்குளத்துல பிணமா மிதப்பான், அந்த ஷாட் எப்படி எடுத்தாங்கன்னு ஒருத்தர் தனியா கேட்டார். குளத்துக்கு அடியில ஒரு கண்ணாடியப் போட்டு, அதுல விழற பிம்பத்தை மேல இருந்து எடுத்தாங்க. கேமரா தண்ணிக்குள்ள போகவே இல்ல. முதல்ல படம் பிணவறையில ஆரம்பிச்சுது, பிணங்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற மாதிரி. முன்னோட்டம் போட்டப்ப ஜனங்க விழுந்து விழுந்து சிரிச்சுட்டாங்க, டைரக்டர் பில்லி வைல்டர் அந்தப் பகுதியையே வெட்டி எறிஞ்சுட்டார்.

14 ஜூன்

ஆபீஸ்ல ஆடிட், அஞ்சு நாளா எட்டிக்கூடப் பாக்கல.

ஸ்டாலாக் 17 பத்தி எழுதணும்னு மனசுல ஓடிட்டே இருந்துச்சு. ஜெர்மன்காரன் கைதி முகாம். அதுல செஃப்டன்னு ஒருத்தன். எல்லாரும் தப்பிக்கத் திட்டம் போடறப்ப இவன் அவங்க தப்பிக்க மாட்டாங்கன்னு சிகரெட் பந்தயம் கட்டறான். எலிப் பந்தயம் நடத்தறான், சரக்கு காய்ச்சறான், தூரத்துல இருக்கற ரஷ்யப் பொண்ணுங்களப் பாக்க டெலஸ்கோப் வெச்சு அதுக்கும் வசூல். நம்ம தெருவுல ஒருத்தன் இப்படி இருந்தான்னா அவனத் திட்டிகிட்டே அவன்கிட்டத்தான் கடன் வாங்குவோம். முகாம்ல எவனோ காட்டிக்குடுக்கறான்னு தெரிஞ்சதும் எல்லாரும் செஃப்டனைத்தான் சந்தேகப்பட்டு அடிச்சு நொறுக்கறாங்க. உண்மையான உளவாளி யாருன்னு கண்டுபிடிக்கறதும் இவன்தான், அதுவும் தேசபக்தியில இல்ல, அடி வாங்கின கடுப்புல. கடைசியில சுரங்கத்துல இறங்கறப்ப, உங்கள்ல எவனையாவது தெருவுல பாத்தேன்னா தெரியாத மாதிரியே போயிடுவோம்னு சொல்லிட்டு மறையறான். மறைஞ்சவன் ஒரு தடவ தலையத் தூக்கி ஒரு சிரிப்பு, ஒரு சல்யூட். அவ்வளவுதான்.

இதுக்குத்தான் ஆஸ்கார் குடுத்தாங்க. மேடையில வந்து "தேங்க்யூ, தேங்க்யூ"ன்னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டார், அதுலயும் என்னா திமிரு பாருங்க.

14 ஜூன், கொஞ்ச நேரம் கழிச்சு

திமிருன்னு எழுதினது தப்பு, வாபஸ். டிவி ஒளிபரப்பு நேரம் முடியப்போகுதுன்னு அவசரப்படுத்தினாங்க, அதனால சுருக்கிட்டார். அப்பறம் தன் கைக்காசுல சினிமாப் பத்திரிகையில விளம்பரம் குடுத்து நன்றி சொன்னார். அந்த விருதே நியாயமா தனக்கு சன்செட் பூலவார்டுக்குத்தான் வந்திருக்கணும்னு அவருக்கு ஒரு நினைப்பு.

15 ஜூன்

படுத்துகிட்டே யோசிச்சதுல என் கட்சியிலயே ஒரு ஓட்டை தெரியுது. ஹோல்டன் தைரியமா அந்த வேஷங்களத் தேர்ந்தெடுத்த மாதிரி எழுதியிருக்கேன். அப்படி இல்ல. செஃப்டன் ரோலே அவருக்குப் பிடிக்கல. இவன் ரொம்ப சுயநலக்காரனா இருக்கான், ஜெர்மன்காரன் மேல வெறுப்புன்னு காட்ட ஒரு ரெண்டு வரியாவது போடுங்கன்னு அந்தப் படத்தையும் டைரக்ட் பண்ணின வைல்டர்கிட்ட கேட்டிருக்கார், அவர் முடியாதுன்னுட்டார். ஆக தைரியம் வைல்டரோடது. இவர் பண்ணினது, முடியாதுன்னா சரின்னு சொல்லிட்டுப் போய் நின்னு முழு மனசா நடிச்சது. அந்தக் கால ஸ்டூடியோ நடிகர் மாசச் சம்பளக்காரன்தானே. அதுலயும் இவரோட ஒப்பந்தத்துல பாதி பாராமவுன்ட்டுக்கு, பாதி கொலம்பியாவுக்கு, ரெண்டு முதலாளி. நானும் முப்பது வருஷமா ஒரு கம்பெனியில கணக்கு எழுதறவன், சொன்ன வேலையப் பிடிக்காமலே ஒழுங்கா செய்யறது என்னன்னு எனக்குத் தெரியும். ஆனா எனக்கு யாரும் ஆஸ்கார் குடுக்கல.

அப்ப கேள்வி கேட்ட தம்பி பாதி கரெக்டுன்னு ஒத்துக்கறேன். பாதிதான்.

22 ஜூன், ஞாயிறு வேலை எதுவும் இல்லாம... ஸாரி, இன்னிக்கு சனிக்கிழமை

நான் எப்படி இந்த ஆளைப் பிடிச்சேன்னு கேட்டிருந்தாங்க. தொண்ணூறுகள்ல கேபிள் கனெக்‌ஷன் வெச்சிருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், பகல் முழுக்க கார்ட்டூன் நெட்வொர்க், ராத்திரி ஆனா அதே சேனல் டிஎன்டியா மாறிடும், பழைய இங்கிலீஷ் படமா ஓடும். அக்கா பையனை டாம் அண்ட் ஜெர்ரியில இருந்து பிச்சு எடுத்துத் தூங்க வெச்சுட்டு வந்து உக்காந்தா, சப்டைட்டில் கிடையாது, பாதி புரியாது. அப்படித்தான் ஒரு ராத்திரி தி வைல்ட் பன்ச் பாத்தேன், நடுவுல இருந்து. கிழவனுங்க நாலு பேரு குதிரையில போறானுங்க. தலைவன் குதிரை ஏறப்போறான், அங்கவடி அறுந்து கீழ விழறான். கூட இருக்கறவனே கேலி பண்ணிச் சிரிக்கறான். இவன் ஒண்ணும் சொல்லாம மறுபடி கஷ்டப்பட்டு ஏறி உக்காந்து, முதுகைக் காட்டிகிட்டு மெதுவாப் போறான். முகம்கூட தெரியாது, முதுகு மட்டும்தான். யாரு இந்த ஆளுன்னு கேக்க வெச்சது அந்த முதுகுதான்.

அப்ப அவருக்கு 50 வயசு. அந்த முகத்துல 65 தெரியும். மீசைய வெச்சு பாத்தா டைரக்டர் சாம் பெக்கின்பா மாதிரியே இருப்பார். கடைசி சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி வசனமே கிடையாது, "போலாம்"ங்கற மாதிரி ஒரு வார்த்தை, "ஏன் போகக்கூடாது"ன்னு பதிலுக்கு ஒரு வார்த்தை, எழுந்து நடக்கறாங்க. அதுக்கப்பறம் நடக்கற ரணகளம் எனக்கு அவ்வளவு பிடிக்காது. நடந்து போறது பிடிக்கும்.

லீ மார்வின் நடிச்சிருந்தா? நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா மார்வின் எப்பவுமே கரடுமுரடு. ஹோல்டனைப் பாக்கறவனுக்கு அந்தப் பழைய அழகன் ஞாபகம் வரும், அழகன் இப்படி ஆயிட்டானேங்கற எண்ணம் கூடவே ஓடும். அது நடிப்புக் கணக்குல வராது, ஆனா படத்துக்குச் சேர்ந்த சொத்து.

22 ஜூன், சாயங்காலம்

அழகன்னு சொன்னதும் வீட்டுல பிக்னிக் போடச் சொன்னாங்க. 1955. ஊர் ஊரா சுத்தற ஒரு வாலிபன், சட்டையக் கழட்டிட்டு ஒரு சின்ன டவுனையே கலங்க அடிக்கறான். அப்ப ஹோல்டனுக்கு 37. கல்லூரியில கூடப் படிச்சவனைப் பாக்க வந்த பையனாம். மனைவி பாத்துட்டு, "இவரு காலேஜ்ல வாத்தியாரா இருந்தாரா?"ன்னு கேட்டா. ஆனா அந்த நடனக் காட்சி வந்ததும் பேச்சை நிறுத்திட்டா. நடனம் தெரியாத ஆளு, பயந்து பயந்து ஆடினது. கிம் நோவாக் கைதட்டிகிட்டே படியிறங்கி வர்ற இடம், ரெண்டு பேரும் கிட்டத்தட்ட நின்ன இடத்துலயே ஆடறாங்க. 1956-ல தியேட்டர்காரங்க வாக்கெடுப்புல வசூல் நட்சத்திரம் நம்பர் ஒன் இவர்தான். கோல்டன் ஹோல்டன்.

இன்னொண்ணு, ஐ லவ் லூசி டிவி தொடர்ல அதே 1955-ல அவராவே வருவார். லூசி ஒட்டு மூக்கு வெச்சு வேஷம் போட்டிருப்பா, இவர் அவ சிகரெட்டப் பத்த வைக்கப்போய் மூக்கு எரியும். அந்தச் சிரிப்ப அடக்கறதுக்கு அவர் படற பாடு இருக்கே. இவரால காமெடியே வராதுன்னு யாராவது சொன்னா அதைப் போட்டுக் காட்டுங்க.

3 ஜூலை

தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய் பத்தி ஏன் வாயே திறக்கலன்னு கேக்கறாங்க. காரணம் இருக்கு. முதல்ல ஈசியான விஷயம்.

1957. டைரக்டர் டேவிட் லீன். அலெக் கின்னஸ்தான் படத்தோட உயிர், அவருக்குத்தான் ஆஸ்கார், படத்துக்கு மொத்தம் 7. ஆனா அமெரிக்கால டிக்கெட் விக்க ஒரு அமெரிக்க ஹீரோ வேணும். நாவல்ல ஷியர்ஸ்ங்கறவன் பிரிட்டிஷ் அதிகாரி. அவனை அமெரிக்கனா மாத்தி ஹோல்டனைப் போட்டாங்க. சம்பளம் 3 லட்சம் டாலர், அது போக வசூல்ல 10 சதவீதம். வரிக்கு பயந்து வருஷத்துக்கு 50,000 டாலருக்கு மேல குடுக்காதீங்கன்னு ஒப்பந்தம். படம் அப்படி ஓடும்னு யாரு கண்டா? பங்கு 20 லட்சம்னு வெச்சுகிட்டாகூட 40 வருஷம் ஆகும் வாங்கி முடிக்க, அதுவரைக்கும் காசு கம்பெனிகிட்ட, வட்டியும் கம்பெனிக்கு. கணக்கு எழுதறவனா எனக்கு நெஞ்சு வலிக்குது. ஒரு நல்ல ஆடிட்டர்கிட்ட அரை மணி நேரம் பேசியிருக்கலாம்.

ஷியர்ஸும் அதே ஹோல்டன் ஆளுதான். ஜப்பான்காரன் கைதி முகாம்ல, செத்த அதிகாரியோட சட்டையைப் போட்டுகிட்டு நானும் அதிகாரின்னு ஏமாத்தற சாதாரண சிப்பாய். தப்பிச்சு ஓடி, கடைசியில மறுபடி பிடிச்சு அதே காட்டுக்கு அனுப்பி, எப்படியோ உசுரோட திரும்பறான்.

3 ஜூலை, பத்து நிமிஷம் கழிச்சு

ஐயோ. உசுரோட திரும்பல. ஆத்துல நீந்திப் போய் செத்துப் போறான். சுட்டிக்காட்டினவருக்கு நன்றி. முப்பது வருஷமா இந்தப் படத்தைப் பாக்கறேன்னு பீத்திகிட்டு இதைக்கூட மாத்தி எழுதறேன். சிப்பாய்னு எழுதினதும் தப்பு, அவன் கடற்படை ஆளு.

5 ஜூலை

அந்தப் படத்தைப் பத்தி எழுதத் தயங்கினது ஏன்னு சொல்றேன்.

கதை நடக்கறது சயாம்ல, இன்னிக்குத் தாய்லாந்து. ஆனா படம் எடுத்தது அங்க இல்ல, இலங்கையில, கித்துல்கலைங்கற ஊர்ல, களனி ஆத்து மேல. கொழும்புல இருந்து அவிசாவளை தாண்டி ஹட்டன் போற ரோட்டுல வரும். பாலம் வெடிக்கற காட்சிக்கு நிஜமாவே பாலம் கட்டி நிஜ ரயிலை ஓட விட்டு வெடிச்சாங்க. முதல் தடவ ஒரு கேமராமேன்கிட்ட இருந்து சிக்னல் வராம வெடியை நிறுத்திட்டாங்க, ரயில் பாட்டுக்கு பாலத்தைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் ஜெனரேட்டர்ல மோதுச்சு. 2016-ல நுவரெலியா போறப்ப டிரைவர்கிட்ட சொல்லி அங்க இறங்கினேன். பாலம் நின்ன கான்கிரீட் அடித்தளம் இன்னும் ஆத்துல கிடக்கு. லைஃப் ஜாக்கெட் போட்டுகிட்டு ரப்பர் படகுல பசங்க கத்திகிட்டுப் போறாங்க. ஹோல்டன் நீந்தின ஆறுன்னு ஒரு போட்டோ எடுத்துகிட்டேன். மூணு நிமிஷத்துல ஒரு அட்டை கால்ல ஏறிடுச்சு.

ஊருக்குத் திரும்பி அம்மாகிட்ட போட்டோவக் காட்டினேன். எந்தப் படம், என்ன கதைன்னு கேட்டாங்க. ரெண்டாம் உலகப்போர்ல சயாம்ல ஜப்பான்காரன் ரயில் பாதை போட்டான்ல, அந்தக் கதைன்னேன். அம்மா ரொம்ப சாதாரணமா, "அதுக்குத்தானே உங்க பெரிய தாத்தாவப் பிடிச்சிட்டுப் போனான்"ன்னாங்க.

எனக்குத் தெரியவே தெரியாது. தாத்தாவோட அண்ணன், பட்டுக்கோட்டைப் பக்கத்துல இருந்து மலாயாவுக்கு, பேராக்ல ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். சண்டைக்கு முன்னாடி வரைக்கும் காகிதம் வந்துகிட்டிருந்துச்சு. சண்டை முடிஞ்சு அதே தோட்டத்துல இருந்து ஊர் திரும்பின ஒருத்தர் வந்து, லாரியில ஏத்தினாங்க, சயாமுக்குன்னு சொன்னாங்க, அவ்வளவுதான் தெரியும்னு சொல்லிட்டுப் போனாராம். பாட்டி வீட்டுல அவருக்குத் திதி எந்த நாள்னு தெரியாம மகாளய அமாவாசைக்கு சேர்த்துக் குடுத்துட்டு இருந்தாங்க. அந்த மகாளய அமாவாசைக் கணக்கு யாருக்குன்னு நான் கேட்டதே இல்ல.

415 கிலோமீட்டர் பாதை. 1942-ல தொடங்கி 1943 அக்டோபர்ல முடிச்சுட்டான். வெள்ளைக்காரக் கைதிங்க 12,000 பேருக்கு மேல செத்தாங்க. ஆசியக் கூலிங்க 80,000-ல இருந்து ஒரு லட்சம் வரைக்கும் செத்திருக்கலாம்னு கணக்கு சொல்றாங்க, அதுல மலாயாத் தோட்டத்துத் தமிழாளுங்க ஆயிரமாயிரம் பேரு, பர்மாக்காரங்க, ஜாவாக்காரங்க, மலாய்க்காரங்க. காலரா வந்தப்ப முகாம் முகாமாப் போயிட்டாங்க. கைதிங்களுக்கு காஞ்சனபுரியில பேர் பொறிச்ச கல்லறை வரிசை வரிசையா இருக்கு. கூலிக்குப் பேர் எழுதி வைக்க யாரும் இல்ல.

படத்துல பாலம் கட்டறது முழுக்க பிரிட்டிஷ் கைதிங்க. விசில் அடிச்சுகிட்டு நடக்கறாங்க. ஒரு தமிழ் முகம் கிடையாது.

இதுக்கு ஹோல்டன் என்ன பண்ணுவார்னு கேப்பீங்க. ஒண்ணும் பண்ண முடியாது, அவர் நடிகர். நானும் அவர் மேல கோவப்படல. ஆனா அதுக்கப்பறம் அந்தப் படத்தை முழுசா பாக்கல. டிவியில வந்தா அந்த ஆத்துக் காட்சி வரைக்கும் பாப்பேன்.

6 ஜூலை

நேத்து எழுதினதுக்கு நிறைய பேர் அவங்க வீட்டுக் கதைய அனுப்பியிருக்காங்க. ஒருத்தரோட பாட்டி, சயாம்னு பேரைக் கேட்டாலே எழுந்து உள்ள போயிடுவாங்களாம். தனித்தனியா பதில் எழுதறேன், நேரம் குடுங்க.

ஒரு சின்னத் திருத்தம் வந்திருக்கு, சரிதான்: நிஜப் பாலம் க்வாய் ஆத்து மேலயே இல்ல, மே க்ளோங்ங்கற ஆத்து மேல. படம் பாத்துட்டு டூரிஸ்டுங்க வந்து க்வாய் எங்க க்வாய் எங்கன்னு கேட்டுக் குடைஞ்சதுல 1960-ல தாய்லாந்துக்காரங்க அந்தப் பகுதி ஆத்துக்கே பேரை மாத்திட்டாங்க. படத்துல வர்ற மாதிரி மரப்பாலமும் இல்ல, நிக்கறது இரும்புப் பாலம். மரத்துல தற்காலிகமா ஒண்ணு பக்கத்துல இருந்துச்சு.

19 ஜூலை

ஹோல்டனோட குடியப் பத்தி எழுதாம நழுவறேன்னு ஒரு குற்றச்சாட்டு. நழுவல, பிடிக்கல. எங்க சித்தப்பா ஒருத்தர் இப்படித்தான், ஊரே மெச்சற ஆளு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வேற ஆளு. அதனால குடிகார நடிகன் கதைய ரசனையா எழுதறவங்களக் கண்டா எனக்கு ஆகாது.

1966-ல இத்தாலியில குடிச்சுட்டுக் கார் ஓட்டினார், எதிர் வண்டியில இருந்த மனுஷன் செத்துப்போனார். எட்டு மாசம் தண்டனை, அதையும் நிறுத்தி வெச்சுட்டாங்க, ஜெயிலுக்குப் போகல. லெஜண்ட்னு எழுதறப்ப இதையும் எழுதணும், எழுதிட்டேன். ஹோல்டனோட கூடப்பிறந்த தம்பி ஒருத்தர், கடற்படை விமானி, 1944 ஜனவரியில போர்ல செத்துட்டார், இவர் அப்ப ராணுவத்துல பயிற்சிப் படம் நடிச்சிட்டு இருந்தார். அந்தக் குற்ற உணர்ச்சிதான் குடிக்குக் காரணம்னு மனோதத்துவம் பேச நான் ஆள் இல்ல.

செத்தது 1981 நவம்பர் 16, சாண்டா மோனிகால, தனியா. விரிப்புல கால் தடுக்கி கட்டில் பக்கத்து மேஜையில நெத்தி இடிச்சு, ரத்தம் போய். 63 வயசு.

19 ஜூலை, இரவு

16 இல்ல. 16-ந்தேதி கண்டுபிடிச்சாங்க. செத்தது 12-ந்தேதி வாக்குல. நாலு நாள் யாருக்கும் தெரியல. அவ்வளவு பெரிய நட்சத்திரம். ரொனால்ட் ரீகன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனா நின்னவர், அந்த ரீகன் அப்ப ஜனாதிபதியா வெள்ளை மாளிகையில. அந்தக் கல்யாணத்துக்கு வந்ததே ஹோல்டனும் அவர் மனைவியும் மட்டும்தான், அவங்க ரெண்டு பேரும் அன்னிக்கு சண்டை போட்டுகிட்டு ஆளுக்கொரு பக்கம் உக்காந்திருந்தாங்களாம். இது சம்பந்தமே இல்ல, ஆனா எங்கயாவது சொல்லணும்னு இருந்தேன்.

1 ஆகஸ்ட்

கென்யா. வேட்டையாடப் போன ஆளு. 1959-ல நான்யுகிங்கற ஊர்ல, கென்ய மலை அடிவாரத்துல, ஒரு ஹோட்டலை ரெண்டு கூட்டாளிகளோட வாங்கி மவுன்ட் கென்யா சஃபாரி கிளப்னு நடத்தினார். பூமத்திய ரேகை அந்தத் தோட்டத்துக்குள்ளயே போகுது. அப்பறம் துப்பாக்கிய வெச்சுட்டு, டான் ஹன்ட்ங்கற கூட்டாளியோட சேர்ந்து பக்கத்துலயே மிருகங்களுக்கு ஒரு பண்ணை. அழிஞ்சுட்டு வர்ற மலை போங்கோ மானை அங்க இப்பவும் பெருக்கறாங்க, செவலை உடம்புல வெள்ளைக் கோடு போட்ட மான். அவர் செத்தப்பறம் கூட இருந்த நடிகை ஸ்டெஃபனி பவர்ஸ் 1982-ல அவர் பேர்ல வனவிலங்கு அறக்கட்டளை தொடங்கி, பள்ளிக்கூடப் பசங்க வந்து கத்துக்கற இடமா நடத்திட்டு வர்றாங்க.

கடைசி இருபது வருஷம் சுமாரான படமா நடிச்சுத் தள்ளினாரேன்னு நான் திட்டியிருக்கேன். அந்தக் காசு கொஞ்சம் மானுக்கும் போச்சுன்னு தெரிஞ்சதும் திட்டறதைக் குறைச்சுகிட்டேன். நிறுத்தல.

11 ஆகஸ்ட்

நெட்வொர்க், 1976. இதை விட்டுட்டு முடிக்க முடியாது. எல்லாரும் பீட்டர் ஃபின்ச் கத்தறதைத்தான் பேசுவாங்க, சாகறதுக்கு முன்னாடி நடிச்ச படம், செத்தப்பறம் ஆஸ்கார். போட்டியில தோத்தது யாருன்னா ஹோல்டன். அதுல இருபத்தஞ்சு வருஷ மனைவிகிட்ட போய், வேற ஒருத்தி மேல ஆசைன்னு அவரே சொல்ற ஒரு காட்சி. மனைவியா பியாட்ரிஸ் ஸ்ட்ரெய்ட். மொத்தப் படத்துலயும் அந்தம்மா அஞ்சு நிமிஷம் சொச்சம்தான் வருவாங்க, அதுக்கே ஆஸ்கார் வாங்கிட்டாங்க. சரியான விருது. ஆனா அடுத்த தடவ பாக்கறப்ப அந்தம்மாவை விட்டுட்டு எதிர்ல நிக்கறவரைப் பாருங்க. அவர் கேட்டுகிட்டு இருக்கார். அவ்வளவுதான் வேலை. அந்தம்மா சொல்ற ஒவ்வொண்ணும் நியாயம்னு தெரிஞ்ச ஒரு ஆள் எப்படிக் கேப்பானோ அப்படி. எதிர்ல இருக்கறவங்க ஆஸ்கார் வாங்கற மாதிரி கேக்கறது, இதுதான் அவரோட தனி ஸ்டைல் தம்பி. குரலும் இல்ல, நடையும் இல்ல.

யோசிச்சுப் பாத்தா க்ளோரியா ஸ்வான்சன், ஜூடி ஹாலிடே, கிரேஸ் கெல்லி, அலெக் கின்னஸ், எல்லாருமே பெரிய பேரு வாங்கின படத்துல எதிர்ல நின்னவர் இவர்தான். ஹாலிடேவும் கெல்லியும் கின்னஸும் ஆஸ்காரே வாங்கிட்டாங்க. இதை முதல் நாளே எழுதியிருந்தா இவ்வளவு வளர்ந்திருக்காது.

12 ஆகஸ்ட்

ஆமா, ஸ்டான்விக் பாக்கி. 1978 ஆஸ்கார் மேடையில ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு விருது அறிவிக்க வந்தாங்க. எழுதிக் குடுத்ததைப் படிக்காம ஹோல்டன் நின்னுட்டு, 39 வருஷம் முன்னாடி என் வேலை போக இருந்துச்சு, இவங்களாலதான் இங்க நிக்கறேன்னு சொன்னார். அந்தம்மாவுக்குப் பேச்சு வரல. நாலு வருஷம் கழிச்சு 1982-ல அவங்களுக்கு கௌரவ ஆஸ்கார். ஹோல்டன் போய் நாலு மாசம் ஆயிருந்துச்சு. நான் ஆஸ்கார் வாங்கணும்னு எப்பவும் ஆசைப்பட்டவன், இன்னிக்கு உன் ஆசை நிறைவேறிடுச்சுப்பான்னு சிலையத் தூக்கிக் காட்டினாங்க. அந்த வீடியோ கிடைக்குது, பாருங்க. நான் மறுபடி பாக்கல.

30 ஆகஸ்ட்

கேள்வி கேட்ட தம்பி நேத்து ராத்திரி சன்செட் பூலவார்ட் முழுசா பாத்தாராம். கோட்டுக் கடை சீனை ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன், ஆனா க்ளிஃப்ட் இன்னும் நல்லா பண்ணியிருப்பார்னு எழுதியிருக்கார். போங்க தம்பி.

அடுத்து ஸ்டாலாக் 17 பாக்கப் போறாராம். மத்தவங்களுக்கும் சொல்லிடறேன், பாக்காதவங்க மேல ஜூன் 14-ந்தேதி எழுதினதைப் படிக்காதீங்க, கடைசி சிரிப்பு வரைக்கும் உளறி வெச்சிருக்கேன்.